புதினத்தில் ஒரு நிலப்படம்

உஹதுப் போரைப் பாடம் நடத்தும்போதெல்லாம் நாம் முதலில் கரும்பலகையில் ஒரு மலையை வரைந்துவிடுவது வழக்கம். அதற்கு எதிரே ஒரு சிறு குன்று. குன்றின்மேல் அப்துல்லாஹ் இப்னு ஜுபைர் (ரலி) அவர்களின் தலைமையில் ஐம்பது வில்லாளிகள். குன்றுக்கும் மலைக்கும் இடையே ஒரு திறப்பு. இவ்வளவுதான் படம். கி.பி. 625-இல் நிகழ்ந்த அப்போரின் வரலாற்றைக் கிதாபிலிருந்து ஒரு மணி நேரம் வாசித்துக் காட்டினாலும் விளங்காத ஒன்று, இந்த நான்கு கோடுகளைக் கண்டதும் மாணவர்க்கு விளங்கிவிடும். வில்லாளிகளுள் பெரும்பாலோர் குன்றைவிட்டு இறங்கியதும், அந்நாளில் இஸ்லாத்தைத் தழுவாதிருந்த காலித் இப்னு வலீதின் குதிரைப்படை எவ்வழியாகப் பின்புறம் வந்து பாய்ந்தது என்பதை நாம் சொல்லுமுன்னரே, கடைசி வரிசைப் பையன் ஒருவன் எழுந்து விரலால் காட்டிவிடுவான்.

வரலாற்றுக்குப் படம் வேண்டும் என்பதை மறுப்பார் இலர். கதைக்கு வேண்டுமா என்பதே கேள்வி. நம் நண்பர் ஒருவர், தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், நாவலில் நிலப்படம் சேர்ப்பது எழுத்தாளன் தன் தோல்வியைத் தானே ஒப்புக்கொள்வதாகும் என்பார். ஊரைச் சொல்லால் எழுப்ப இயலாதவனே கோட்டால் காட்ட வருகிறான் என்பது அவர் கட்சி. நாமும் நெடுங்காலம் அக்கட்சியிலேயே இருந்தோம்.

ஆங்கிலத்தில் ஸ்டீவன்சன் எழுதிய ‘புதையல் தீவு’ பிறந்த கதையைப் படித்தபோது அக்கட்சியில் சிறிது ஆட்டம் கண்டது. 1881-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் தங்கியிருந்தபோது, தம் மனைவியின் மகனான சிறுவனோடு சேர்ந்து அவர் ஒரு தீவின் படத்தை வரைந்தார். படத்தைப் பார்க்கப் பார்க்கவே கதைமாந்தர் அதன் காடுகளுக்கிடையே நடமாடத் தொடங்கினராம். 1883-இல் அது நூலாக வரவேண்டிய வேளையில், பதிப்பகத்துக்கு அனுப்பிய படம் தொலைந்துபோயிற்று. பிறகு, கதையில் தாமே எழுதியிருந்த குறிப்புகளையெல்லாம் தேடியெடுத்து, அவற்றுக்குப் பொருந்துமாறு மற்றொரு படம் வரைய நேர்ந்தது. முன்னது எளிது, பின்னது பெரும்பாடு என்பது அவர் அனுபவம். எழுதியவருக்கே கதையிலிருந்து நிலத்தை மீட்டெடுப்பது பெரும்பாடாயின், வாசகன் நிலை என்னவென்று கேட்கத் தோன்றியது. ஆயினும் அது கற்பனைத் தீவு, சிறுவர் கதை. நண்பரிடம் சொன்னபோது அவர் இதையே சொல்லிச் சிரித்தார்.

நம்மை முற்றிலும் கட்சி மாறச் செய்தது ஓர் அரபு நாவல். அதைவிட, அதைக் கேட்டுக்கொண்டிருந்த நம் உம்மா.

மிஸ்ர் நாட்டு எழுத்தாளர் நஜீப் மஹ்பூஸ் 1988-இல் நோபல் பரிசு பெற்றதை வாசகர்கள் அறிவர். அவருடைய ‘அவ்லாது ஹாரத்தினா’ குறித்து எழுந்த சர்ச்சையையும் அறிவர். அது வேறு வழக்கு, இங்கே அதற்குள் நாம் புகவில்லை. கெய்ரோவின் பழைய நகரமாகிய ஜமாலிய்யாவில் 1911-இல் பிறந்த அவர், தம் புகழ்பெற்ற மூன்று பாக நாவலின் ஒவ்வொரு பாகத்துக்கும் அப்பகுதித் தெரு ஒன்றன் பெயரையே சூட்டினார். ‘பைனல் கஸ்ரைன்’ 1956-இல் வெளிவந்தது. ‘கஸ்ருஷ் ஷவ்க்’, ‘அஸ்ஸுக்கரிய்யா’ இரண்டும் 1957-இல். பைனல் கஸ்ரைன் என்றால் இரு அரண்மனைகளுக்கு இடைப்பட்ட இடம் என்று பொருள். பாத்திமீ கலீபாக்களின் அவ்விரு அரண்மனைகளும் என்றோ அழிந்துபோயின. இடைவெளியின் பெயர் மட்டும் எஞ்சி நிற்கிறது. அந்நகரத்து வாசகனுக்குத் தலைப்பே தெருவைக் காட்டிவிடும். கடல் கடந்து வாழும் நமக்கு அது வெறும் ஓசை.

உம்மா அவர்களுக்கு அப்போது எழுபத்தெட்டு வயது. பார்வை மங்கிவிட்டது. நூறு மசலாவும் படைப்போர்களும் கேட்டுப் பழகிய செவி. ஒரு கிஸ்ஸாவும் இல்லாமல் உறக்கம் பிடிக்காது. இஷாவுக்குப் பின் நாம் ‘பைனல் கஸ்ரைனை’ அரபியில் பார்த்துத் தமிழில் சொல்லி வந்தோம். நள்ளிரவில் கணவர் வரவை எதிர்பார்த்து மரச்சட்டப் பலகணியில் நிற்கும் அமீனாவை உம்மாவுக்கு முதல் நாளே பிடித்துப்போயிற்று. மணமாகி வந்து இருபத்தைந்து ஆண்டு. கணவரோடு எப்போதேனும் தாய்வீடு சென்று வருவதன்றி அவள் வெளியே அடி வைத்ததில்லை. மினாராக்களைப் பலகணியிலிருந்தே பார்ப்பாள். கணவர் போர்ட் ஸயீதுக்குப் போயிருந்த ஒரு நாள், பிள்ளைகள் தைரியம் சொல்ல, சிறுவன் கமாலைக் கூட்டிக்கொண்டு, தன் நெஞ்சில் குடியிருந்த இமாம் ஹுஸைன் பள்ளிக்குப் போகிறாள். திரும்பும் வழியில் மோட்டார் வண்டி மோதித் தோளெலும்பு முறிகிறது. எலும்பு கூடியதும் கணவர் அவளை வீட்டைவிட்டு அனுப்பிவிடுகிறார்.

அந்த இடத்தில் உம்மா கேட்டார்கள்: “அந்தப் பள்ளி எம்புட்டுத் தூரம் வாப்பா?”

பக்கத்தில்தான் என்றோம்.

“பக்கம்னா? நம்ம வீட்டுலேருந்து எதுவரைக்கும்?”

நமக்குத் தெரியவில்லை. ஏடுகளை முன்னும் பின்னும் புரட்டினோம். நம்மிடமிருந்த பதிப்பில் படம் ஏதும் இல்லை. அரபு இலக்கணத்தில் எந்த ஐயத்தையும் தீர்த்துவைப்பதாகப் பெயர் பெற்ற நாம், ஒரு கிழவியின் கேள்விக்கு விடையின்றி விழித்தோம்.

அல்அஸ்ஹரில் ஓதித் திரும்பிய நம் பழைய மாணவர் ஒருவரிடம் கெய்ரோ நகரப் படம் ஒன்று இருந்தது. அதை வாங்கிவந்து, தெருப்பெயர்களைத் தேடிப் பிடித்து, நூல் வைத்து அளந்தோம். அரைக் கிலோமீட்டர்கூட இல்லை! சந்துகளில் வளைந்து சென்றாலும் பத்து நிமிட நடை. கதையைச் சொன்னபோது நாம் மனத்தில் ஒரு நீண்ட பயணத்தை வைத்திருந்தோம். ஆசிரியர் சொல்லால் எழுப்பிய ஊரில் குறையொன்றும் இல்லை. ஆனால் இருபத்தைந்து ஆண்டும் பத்து நிமிடமும் அருகருகே நிற்பதை அந்தப் படம்தான் நமக்குக் காட்டிற்று. பின்னைப் பாகங்களில் அமீனாவுக்கு வெளியே சென்றுவரும் உரிமை கிடைக்கிறது. அதற்குமுன், 1919-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் ஒரு மகனை அவள் இழந்துவிட்டிருந்தாள். அந்த உரிமை எத்தனை அடி தூரத்துக்கானது என்று தெரிந்தபின் அப்பகுதியை நம்மால் முன்போல் வாசிக்க முடியவில்லை.

அன்றிரவு உம்மாவிடம் சொன்னோம்: “நம் வாசலிலிருந்து கடற்கரை மணல் வரைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.”

“அம்புட்டுத்தானா?” என்றார்கள். சற்றுப் பொறுத்து, “நான் கடலைப் பாத்து இருவது வருசத்துக்கு மேல ஆச்சு. ஒங்க வாப்பா இருக்கச்சே ஒருக்காக் கூட்டிட்டுப் போனாங்க” என்றார்கள்.

இரவெல்லாம் கடலோசை கேட்கும் வீடு நம்முடையது. அமீனாவின் கணவரை மனத்துக்குள் கடிந்துகொண்டே நாம் கதை சொல்லி வந்திருக்கிறோம். நம் வீட்டில் உம்மாவைத் தடுத்தவர் எவருமில்லை. போக வேண்டுமா என்று கேட்டவரும் எவருமில்லை.

மறுநாள் அஸருக்குப் பின் அழைத்துச் சென்றோம். நாம் தெரு வழியே திரும்ப, உம்மா நம் கையைப் பற்றி முடுக்குப் பக்கம் இழுத்தார்கள். பெண்கள் புழங்கும் அம்முடுக்குகளில் ஆண்கள் நுழைவதில்லை; நாம் இருமிக்கொண்டே பின்னால் போனோம். கண் தெரியாத உம்மா முன்னே நடந்து, ஒவ்வொரு முடுக்குக்கும் பெண்கள் வழங்கும் பெயரைச் சொல்லிச் சென்றார்கள். பிறந்து வளர்ந்த ஊரில் அவற்றுள் இரண்டொன்றே நமக்குத் தெரிந்திருந்தன. மணலில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தோம். கடலில் எத்தனை வள்ளம் நிற்கிறது என்று கேட்டார்கள், எண்ணிச் சொன்னோம்.

வீடு திரும்பியதும் அவர்கள் சொல்லச் சொல்ல ஒரு தாளில் வரைந்தோம். கடலை மேலே போடச் சொன்னார்கள். வடக்குத்தான் மேலே வரவேண்டும் என்று சொல்ல வாயெடுத்து, 1154-இல் ஸிஸிலி மன்னர் ரோஜருக்காக அல்இத்ரீஸி வரைந்த உலகப் படத்தில் தெற்கே மேலே இருப்பது நினைவுக்கு வரவே, பேசாமல் போட்டோம். அத்தாள் இன்றும் ‘பைனல் கஸ்ரைனின்’ கடைசி ஏட்டில், கெய்ரோ படத்தோடு சேர்ந்து இருக்கிறது. உம்மா இன்று இல்லை.

கதையில் வராத ஊர்களையும் ஆறுகளையும் நிரப்பி, புத்தகத்தைக் கனமாக்குவதற்காகவே சேர்க்கும் படங்களும் உண்டு. அவற்றுக்காக நாம் வாதாடவில்லை. மாந்தர் நடக்கும் வழியும், நடக்க விடப்படாத வழியும் தெரிந்தால் போதும். ஒரு பக்கம் காகிதம் பிடிக்கும், பதிப்பாளர்கள் பொறுத்துக்கொள்ளலாம்.

சென்ற மாதம் அந்தத் தாளை நண்பரிடம் காட்டினோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். தம் கட்சியைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் முடுக்கின் மீது விரலை வைத்து, “இங்கே ஒரு கிணறு இருந்தது, விட்டுவிட்டீர்களே. என் உம்மா என்னை அங்கேதான் குளிப்பாட்டுவார்கள்” என்று சொல்லி, எழுதுகோல் கேட்டார்.