ஸ்பீக்கருக்கு ஒரே வயரா?



எங்கள் மாமா வாடகைக் கார் ஓட்டுகிறார். ராத்திரி சவாரி முடிந்து தனியாகத் திரும்பும்போது தூக்கம் வராமல் காப்பது பாட்டுதான். பழைய செட் பாடாமல் போனதும், ஆறு மாசம் காசு சேர்த்துப் புதுசு வாங்கினார். ஸ்பீக்கர்கள் மட்டும் காரோடு வந்த பழசு.

மாட்ட வந்த எலக்ட்ரீஷியன் அண்ணன் என்னை டார்ச் பிடிக்கச் சொன்னார். முதலில் பேட்டரி வயரைக் கழற்றினார். "தம்பி, மஞ்சள் நேரா பேட்டரிக்கு. அப்பத்தான் ஸ்டேஷன் மறக்காது. சிவப்புல சாவி போட்டாத்தான் கரண்ட் வரணும். கறுப்பு பாடிக்கு" என்றார்.

ஸ்பீக்கரைக் கழற்றினால் ஒரே வயர்! இன்னொரு முனை கார் பாடியில் திருகியிருந்தது. "பழைய செட் அப்படித்தானே பாடுச்சு, அப்படியே கொடுத்துடுப்பா" என்று மாமா அவசரப்பட்டார். அண்ணன் கேட்கவில்லை. புது செட்டில் ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு வயரிலும் மின்சாரம் இருக்குமாம். ஒன்று பாடியில் பட்டாலும் உள்ளே ஐ.சி. புகைந்துவிடலாமாம். மாமாவின் ஆறு மாசமும் புகைதான்! அதனால் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனியாக இரண்டு வயர் இழுத்தார்.

பிறகு 1.5 வோல்ட் செல்லை ஸ்பீக்கரில் ஒரு நொடி தொட்டார். கூம்பு வெளியே தள்ளினால், செல்லின் பிளஸ் தொட்ட முனைதான் பிளஸ். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறிப்போனால் இரண்டும் எதிரெதிராக அசைந்து, பேஸ் சத்தம் குறைந்துவிடும். இயற்பியல் சார் சொன்ன அலைக் குறுக்கீடு இதுதான் என்று அன்றுதான் புரிந்தது.

நண்பர்களே, உங்கள் வீட்டுப் பழைய காரில் புது செட் மாட்டினால், முதலில் ஸ்பீக்கர் வயரை எண்ணச் சொல்லுங்கள்!

– பத்தாம் வகுப்பு மாணவன்