ஆயியின் குளமும் எங்கள் வீட்டுக் குவளையும்

புதுவைக்கு வரும் தோழர்கள் கடற்கரையைக் காண்பர்; கப்பித்தான்களும் கவர்னர்களும் உலவிய வெள்ளையர் வீதிகளைக் காண்பர்; பாரதி பூங்காவின் நடுவே வெள்ளை வெளேரென நிற்கும் ஆயி மண்டபத்தையும் காண்பர். புதுவை அரசின் சின்னத்திலே பொறிக்கப்பட்டிருக்கும் மண்டபம் அது. கிரேக்க, உரோமானியச் சிற்பச் சாயல் கொண்ட அந்தக் கட்டடம் யாருக்காக எழுந்தது? படை நடத்தி வென்ற மன்னனுக்காகவா? அன்று! பரமபதம் காட்டும் ஆண்டவனுக்காகவா? அதுவும் அன்று! தாகத்துக்குத் தண்ணீர் தந்த ஒருத்தியின் பெயரால் எழுந்தது!

அவள் கதையைச் செவிவழியாகவே சொல்லி வருகின்றனர் எம் ஊரார். விசயநகர மன்னன் ஒருவன் (கிருட்டிணதேவராயன் என்பது வழக்கு) இவ்வழியே வந்தானாம். இரவு நேரம். ஒளி வீசும் மாளிகை ஒன்றைக் கண்டான். கோயில் என்று எண்ணிக் கைகூப்பினான். அது கோயிலன்று, ஆயி என்னும் கணிகையின் இல்லம் என்று அறிந்ததும் சினந்தான். இடித்துத் தள்ள ஆணையிட்டான். ஆயி கெஞ்சினாள், தன் வீட்டைக் காப்பாற்ற அல்ல. தன் கையாலேயே அதை இடிக்க இசைவு பெற! இடித்தாள், அவ்விடத்தே ஊருக்குக் குளம் வெட்டினாள்.

நூற்றாண்டுகள் கடந்தன. பிரெஞ்சு ஆட்சியிலே நகரம் நல்ல குடிநீருக்குத் தவித்தது. மூன்றாம் நெப்போலியன் காலத்தில், 1860களில், லமெரெஸ் என்ற பொறியாளர் முத்திரையர்பாளையத்திலிருந்து நகருக்கு நீர் கொண்டுவந்தார். ஆயியின் கதையைக் கேட்ட பேரரசன், அவள் பெயரால் நினைவு மண்டபம் எழுப்பச் செய்தான் என்பர்.

கதையிலே வரலாறு எவ்வளவு, கற்பனை எவ்வளவு என்று அளந்து பார்ப்பது அறிவுடையோர் கடமை. ஆனால் தம்பி, கற்பனையாகவே இருக்கட்டும்; அது எழுப்பும் கேள்வி கற்பனையன்று. அதே விளக்கு, அதே தூண், அதே வாயில்! உள்ளே தெய்வம் இருப்பதாக எண்ணியபோது தொழத்தக்கது; பெண்ணொருத்தி இருப்பது தெரிந்ததும் இடிக்கத்தக்கது! கண் செய்த பிழைக்குக் கட்டடத்துக்குத் தண்டனை! கணிகையரை உண்டாக்கிய சமுதாயம் காறி உமிழ்ந்தது கணிகையர்மீதே. அந்த இழிவைத் துடைக்க, மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராய்ப் போராட வேண்டியிருந்தது. முத்துலட்சுமி அம்மையார் சட்டமன்றத்திலே வாதாட வேண்டியிருந்தது. 1947இல்தான் சென்னை மாகாணத்திலே பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கும் சட்டம் வந்தது.

நீரைப் போற்றுவது நமக்குப் புதிதன்று. இளங்கோ தம் காப்பியத்தைத் தொடங்கும்போது திங்களையும் ஞாயிற்றையும் மாமழையையும் வாழ்த்தினார். வள்ளுவர் கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரத்தையே வானுக்குத் தந்தார். மழையின்றேல் அறமும் இல்லை, வழிபாடும் இல்லை என்று ஆய்ந்துரைத்தார். புறநானூற்றுக் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனின் முகத்துக்கெதிரே நின்று, புகழ் வேண்டுமானால் நீர்நிலை பெருக்கு என்று அறிவுறுத்தினார். வேள்வி செய் என்றாரா? இல்லை. பள்ளம் கண்ட இடத்தில் நீரைத் தேக்கு என்றார்! பாட்டிலே பாசனப் பொறியியல்!

அந்த நீர் பிறகு தீர்த்தமாயிற்று. தீர்த்தமான நீருக்குத் தீட்டும் வந்து சேர்ந்தது.

மாசிமகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரைக்கு வந்து பாருங்கள். எத்தனை எத்தனை ஊர்த் தெய்வங்கள்! கடலிலே தீர்த்தவாரி! பாவத்தைக் கழுவும் நீர் என்பர். நீர் கழுவுவது அழுக்கை. கழுவாவிடில் கொடுப்பது நோயை. வாந்திபேதி வந்தபோது அம்மனின் சீற்றம் என்று நம்மவர் கூழ் ஊற்றினர். 1854இல் இலண்டனிலே ஜான் சுனோ என்ற மருத்துவர், மாண்டவர் வீடுகளை வரைபடத்திலே குறித்தார். அவர்களில் பெரும்பாலோர் ஒரே குழாயில் நீர் பிடித்தவர்கள் என்று கண்டார். அந்தக் குழாயின் கைப்பிடியைக் கழற்றச் செய்தார். முப்பதாண்டு கழித்துக் கல்கத்தாவின் குளத்து நீரிலேயே காலராக் கிருமியைக் கண்டறிந்தார் ராபர்ட் காக். அந்தக் கிருமி எந்தச் சாதியின் குடத்தையும் கேட்டு நுழைவதில்லை. மனிதன்தான் கேட்கிறான்!

கேட்டான் மகாட் நகரிலே. பொதுக் குளங்கள் எல்லோருக்கும் உரியவை என்று 1923இலேயே பம்பாய்ச் சட்டமன்றம் தீர்மானித்திருந்தது. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர், பல்லாயிரவர் பின்தொடர, சவுதார் குளத்தில் இறங்கி நீரருந்தினார். என்ன நடந்தது? நாயும் மாடும் குடித்தபோது கெடாத குளம் கெட்டுவிட்டதாம்! 108 குடம் நீரை இறைத்துக் கொட்டி, சாணமும் மாட்டு மூத்திரமும் கலந்து, மந்திரம் ஓதித் ‘தூய்மை’ செய்தனர்! வழக்கு முடிந்து நீதி கிடைக்க 1937 ஆயிற்று. பழைய கதை என்று எண்ணாதீர்கள். 2022 டிசம்பரில், புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், ஆதிதிராவிட மக்கள் பருகும் நீர்த்தொட்டியிலே மலம் கலந்திருந்தது. மாந்தர் மாண்பே மிதந்தது அங்கே!

எங்கள் ஊர்ப் படிப்பகம் ஒன்றிலே, ஒரு மாலை, மகாட் பற்றி நான் பேசினேன். முழங்கினேன் என்றே சொல்ல வேண்டும். நண்பர்கள் கைதட்டினர். தொண்டை வறள வீடு திரும்பினேன். பின்கட்டு மாடத்திலே ஒரு அலுமினியக் குவளை. எட்டி எடுத்துத் தொட்டி நீரை மொள்ளப் போனேன்.

“அதை எடுக்காதடா! அது அவளுக்கு வெச்சது” என்று பதறினார் அம்மா.

அவள் என்றால், எங்கள் தெருச் சாக்கடையை அள்ள வரும் அம்மையார். நான் பள்ளி செல்லும் சிறுவனாக இருந்த நாள்முதல் அந்தக் குவளை அந்த மாடத்திலேதான் இருந்தது. நாள்தோறும் கண்டிருக்கிறேன், ஒருநாளும் காணவில்லை! அம்மா கொடியவரல்லர், பொங்கலுக்குப் பொங்கும் முதல் பானையிலே அந்த அம்மையாருக்கு ஒரு பங்கு எடுத்து வைப்பவர். சோறு கொடுத்த கைதான் குவளையையும் பிரித்து வைத்தது.

மேடையிலே மிச்சமிருந்த ஆத்திரத்தை அம்மாவிடம் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

“ஊருக்கெல்லாம் பேசுற. இந்த மாடம் இங்கதான இருந்துச்சு? இத்தினி வருசமா நீ ஏன்டா கேக்கல?”

கைதட்டல் ஒலித்த செவியிலே அந்தக் கேள்வி அறைந்தது. விடை கூற முடியவில்லை.

மறுநாள் காலை, வீட்டார் பருகும் குவளையிலே நீர் எடுத்து அந்த அம்மையாரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. “என் லோட்டா எங்க தம்பி?” என்று மாடத்தையே பார்த்தார். வற்புறுத்தினேன், இரு கையையும் குவித்து, “ஊத்து தம்பி, போதும்” என்றார். புரட்சிக்காரனாக நின்றவன், தூக்கி ஊற்றுகிறவனாக ஆனேன்! பழக்கம் பூட்டிய பூட்டு, பூட்டியவன் பக்கம் மட்டுமா இருக்கிறது? பூட்டப்பட்டவர் நெஞ்சிலும் அச்சமாக இருக்கிறது. என் ஒருநாள் வீரத்தை நம்பி, தம் வேலையையும் நிம்மதியையும் அவர் ஏன் பணயம் வைக்க வேண்டும்?

சில வாரங்கள் சென்றன. ஒரு வெயில் நாளில், அம்மாவே தாம் பருகும் குவளையை நிரப்பி எடுத்துச் சென்றார். “புடிம்மா. எனக்கும் இதேதான்” என்றார். அந்த அம்மையார் அம்மாவின் முகத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு வாங்கினார், வாய் வைத்துக் குடித்தார். அலுமினியக் குவளை மண் அள்ளும் கருவியாகத் தோட்டத்துக்குப் போயிற்று.

இதை வெற்றி என்று நான் கூறவில்லை. ஒரு வீட்டிலே ஒரு குவளை, அவ்வளவே. இந்த நகரத்தைப் பாருங்கள்! வெள்ளையர் பகுதி, கறுப்பர் பகுதி என்று ஊரையே பிளந்து ஓடியது பெரிய வாய்க்கால். 1954இல் பிரெஞ்சுக் கொடி இறங்கிற்று. வெள்ளையர் ஆட்சி முடிந்தது. ஆனால் வீட்டுக்கு வீடு நாமே வெட்டிக்கொண்ட வாய்க்கால்களை எந்தப் படை வந்து தூர்க்கும்?

ஆகவே, தோழர்களே! கூட்டம் முடிந்து வீடு திரும்பும்போது, மேடைப் பேச்சை அசைபோடுவதோடு நின்றுவிடாதீர்கள். பின்கட்டுக்குச் செல்லுங்கள். மாடத்தைப் பாருங்கள், சன்னல் விளிம்பைப் பாருங்கள், தனியாகக் கவிழ்த்து வைத்த குவளை உண்டா என்று தேடுங்கள். இருந்தால், அன்னையைக் கடிந்துகொள்ளும் முன், இத்தனை நாள் நாம் ஏன் கேட்கவில்லை என்று நம்மையே கேட்போம்!

தன்னை இழிந்தவள் என்றவர்களுக்கு ஆயி தந்த விடை, குளம். நாம் ஒரு குவளை நீரையேனும் ஒன்றாகப் பருக வேண்டாமா?