கால் பங்கு எடை போதும்

1966-இல் ஜப்பானில் ஒரு பௌத்த நினைவுச் சடங்கு. வெகுநேரம் மண்டியிட்டு உட்கார்ந்திருந்த யோஷியாக்கி சாட்டோ என்ற இளைஞருக்குக் கால் மரத்து, கெண்டைக்கால் விண்ணென்று புடைத்தது. கடுமையாக எடை தூக்கிய பிறகு வரும் அதே இறுக்கம்! ரத்த ஓட்டம் தடைபட்டதுதான் காரணமோ என்ற எண்ணத்தில் பிறந்ததுதான் 'காட்சு' பயிற்சி.

தொடையின் மேற்பகுதியிலோ தோளுக்குக் கீழேயோ காற்றுப்பட்டை கட்டுகிறார்கள். உள்ளே வரும் ரத்தம் குறைகிறது. வெளியேற வேண்டியது தேங்கி நிற்கிறது. அதோடு, ஒருவரால் தூக்கமுடிந்த அதிகபட்சத்தில் வெறும் 20 முதல் 30 சதவீத எடை. முதலில் 30 முறை, பிறகு சின்னச் சின்ன ஓய்வோடு மூன்று தடவை பதினைந்து பதினைந்தாக. ஆக்சிஜன் போதாமல் தசை திணறுகிறது, லாக்டேட் சேர்கிறது, தீயாய் எரிகிறது. தசையின் மெதுநார்கள் சோர்ந்துவிட, வழக்கமாகப் பெரும் பளுவுக்கு எழும் வேகநார்கள் வேலைக்கு வருகின்றன. தசை செல்கள் வீங்குகின்றன. புரத உற்பத்தி கூடுகிறது.

தசை பருப்பதில் இது கனமான எடைக்கு ஏறத்தாழ ஈடு. பலம் கூடுவதில் மட்டும் கனமான எடைதான் மேல்.

முழங்கால் அறுவைக்குப் பிறகு தொடை மெலிந்துபோவதைப் பார்த்து மனம் நொந்தவர்களுக்கு இது பெரிய வரம் என்றே நம்புகிறேன். மூட்டை வதைக்காமல் தசையை மீட்கலாமே!

ஒரே வேண்டுகோள்: ரத்த உறைவு, உயர் ரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். மற்றவர்களும் பிசியோதெரபிஸ்ட் இல்லாமல் வீட்டில் கயிறோ துணியோ கட்டிப் பார்க்காதீர்கள்.