ஐந்துக்கு 4.6

2021-ல் ஒரு பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் எம்.சி.ஏ. வகுப்புக்கு வார இறுதிகளில் பைத்தான் நடத்தப் போனேன். போனேன் என்பது சும்மா பேச்சுக்கு. பெட்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்வேன், அவ்வளவுதான். செமஸ்டர் முடிந்ததும் மாணவர்களின் ஃபீட்பேக் வந்தது. ஐந்துக்கு 4.6. மனைவியிடம் காட்டினேன். “பரவால்லயே” என்றாள்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் ஆபீஸ் புத்தி, சராசரியைப் பார்த்தால் அடியில் இருக்கும் டேட்டாவைக் கிளறச் சொல்லும். எக்செல் ஃபைலைக் கேட்டு வாங்கினேன். பாதிக்கு மேல் ஆட்கள் எல்லாக் கேள்விக்கும் வரிசையாக ஐந்தை அழுத்தியிருந்தார்கள். ‘ஆய்வக வசதி எப்படி?’ என்பதற்கும் ஐந்து. ஆன்லைன் வகுப்பில் ஏது ஆய்வகம்? ஃபார்மை நிரப்பினால்தான் ஹால் டிக்கெட் டவுன்லோட் ஆகும் என்பது பிறகுதான் தெரிந்தது. 1932-ல் ரென்சிஸ் லைக்கர்ட் மனப்பாங்கை அளக்க முன்வைத்த அளவுகோல், இங்கே டோல்கேட் ஆகியிருந்தது.

கடைசிக் கட்டத்தில் ஒருவர் மட்டும் தங்கிலீஷில் எழுதியிருந்தார்: “சார் நல்லா நடத்துறீங்க. ஆனா நான் போன்ல பாக்குறேன், கோட் ஒண்ணுமே தெரியல.”

செமஸ்டர் முழுக்க 27 அங்குலத் திரையை அப்படியே ஷேர் செய்து, கறுப்புப் பின்னணியில் பொடி எழுத்தில் கோட் அடித்திருக்கிறேன். பைத்தானில் ஒரு வரி உள்ளே தள்ளியிருக்கிறதா இல்லையா என்பதில்தான் அர்த்தமே இருக்கிறது. அது தெரியாமல் அவர் என்னத்தைப் படித்திருப்பார்? அதே ஆள் ‘பாடம் தெளிவாக இருந்ததா?’ என்பதற்கு ஐந்து போட்டிருந்தார். பெயர் கேட்காத ஃபார்ம்தான். ஆனால் காலேஜ் ஐடியில் லாகின் செய்து நிரப்பும் ஃபார்மை யார் நம்புவார்கள்?

தேர்வும் முடிந்துவிட்டது. பதினொரு பேர் ஃபெயில். அதில் அவர் இருந்தாரா, தெரியாது.

அடுத்த செமஸ்டரில் மூன்றாவது வாரமே, லாகின் இல்லாமல், இரண்டு கேள்வி அனுப்பினேன். எது புரியல? நான் எதை மாத்தணும்? ரெக்கார்டிங் பார்த்தே டேட்டா தீந்துடுது என்றார்கள். ஞாயிறு காலை எட்டு மணி வேண்டாம் என்றார்கள். “டவுட் கேட்டா கோவப்படுறீங்க” என்று ஒருவர். அன்றைக்கு ராத்திரி அந்த ஒரு வரிதான் ஓடிக்கொண்டிருந்தது. நான் எங்கடா கோவப்பட்டேன் என்று பழைய ரெக்கார்டிங்கைப் போட்டுப் பார்த்தேன். கோபம்தான்.

அடுத்த வகுப்பில் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். ரெக்கார்டிங்கைத் துண்டு துண்டாகப் போடுகிறேன், எட்டு மணி என் கையில் இல்லை, கோபத்துக்கு சாரி என்றேன். சாட்டில் ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை. அப்புறம் ஒரு டவுட் வந்தது. பின்னாலேயே இன்னொன்று.

அந்த செமஸ்டர் ஸ்கோர் 4.1. ஒருங்கிணைப்பாளர் போன் செய்தார். “என்ன சார், எறங்கிடுச்சு? நாக் ஃபைலுக்கு ‘எடுக்கப்பட்ட நடவடிக்கை’ன்னு ஒண்ணு எழுதணுமே.” ‘கோட் எழுத்தின் அளவு 24 ஆக்கப்பட்டது’ என்று எழுதி அனுப்பினேன். “இதையெல்லாமா சார் போடுறது?” என்று சிரித்தார். இறுதி அறிக்கையில் அந்தக் கட்டத்தில் ‘ஆசிரியருக்குத் தக்க அறிவுரை வழங்கப்பட்டது’ என்று இருந்தது.