காருக்கும் மூட்டு வலி!

முக்கால் முழ நீளத்துக்கு வளைந்த இரும்பு ஒன்றைக் கையில் தூக்கிக்கொண்டு உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளுக்கு நடுவே ஒரு மனுஷன் அலைந்தால், கோவையில் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மீன் வாங்கப் பையோடு போகிற மாதிரி, அது இங்கே சகஜம்!

அந்த மனுஷன் நான்தான். கார், 2001 மாடல் ஃபோர்டு ஐகான் 1.6. மறைமலை நகரில் பிறந்தது. குடும்பத்துக்கு என்று சொல்லி வாங்கிவிட்டு, தனியாகப் போகும்போது மிதி மிதியென்று மிதிக்கிற ஜாதி. குதிரைத்திறன் தொண்ணூறுக்கு மேல். இப்போது வயசாகிவிட்டது. ஸ்பீடு பிரேக்கரில் ஏறினால் ‘கடக்’. பிரேக் போட்டால் இடப்பக்கம் ஓர் இழுப்பு.

சிங்காநல்லூர் மெக்கானிக் கம்பியை விட்டு நெம்பிக் காட்டினார். “லோயர் ஆர்ம் போச்சுங்ணா.”

சக்கரத்தை வண்டியின் உடம்போடு பிடித்து வைத்திருக்கும் கை அது. உள்பக்கம் இரண்டு ரப்பர் புஷ். வெளிப்பக்கம், நம் தோள்பட்டை மாதிரி குழிக்குள் உருண்டை: பால் ஜாயின்ட். புஷ் கிழிந்தால் சத்தத்தோடு போகும். பால் ஜாயின்ட் கழன்றால் ஓடுகிற வண்டியில் சக்கரமே சாய்ந்துவிடும். எனக்கோ ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வால்பாறை. ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவு!

புது ஆர்ம் விலையைக் கேட்டதும் என் கோவைப் புத்தி விழித்துக்கொண்டது. ஜி.டி.நாயுடு எலெக்ட்ரிக் ரேஸர் செய்த ஊர். கரிவரதன் ரேஸ் காரையே கட்டிய ஊர். 1995-ல் மறைந்த அவர் பெயரில்தான் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. 2005-ல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனும் நம்ம ஊர்ப் பையன். இங்கே ஓர் இரும்புக் கையை நிமிர்த்த ஆள் இல்லையா, என்ன?

உக்கடத்தில் கிடைத்த பழசு, என்னுடையதைவிடப் பழசு. நேரே கணபதியில் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன்.

“ஏனுங் தம்பி, புஷ்தானே? அழுத்திக் குடுத்தர்லாம்” என்று சிரித்தபடி வாங்கினார் பெரியவர். பால் ஜாயின்ட்டை ஆட்டிப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. ஆர்மைத் தரையில் வைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். “எங்கியோ குழில எறங்கி வளஞ்சிருக்குதுங்.”

“சூடு பண்ணி நிமிர்த்தி, ஒரு வெல்டு வெச்சு...” என்று இழுத்தேன்.

“பம்பு செட்டுன்னா வெப்பனுங். ஒடஞ்சா தண்ணி வராது, அவ்வளவுதான். இது புள்ளகுட்டியோட மலையேறற வண்டி. என்ற லேத்துல இதுக்கு வேலை இல்லீங்.”

வருகிற காசை வேண்டாமென்று சொல்லிவிட்டு, டீயும் வாங்கிக் கொடுத்தார்!

காந்திபுரம் பக்கம் ஒரு கடையில் புதுசாக ஒரு ஜோடி வாங்கினேன். துருப்பிடித்த போல்ட்டை எடுக்கவே மெக்கானிக்குக் காலைப்பொழுது முழுசும் போயிற்று. மாட்டியபோதோ, புஷ் போல்ட்டை முழுக்க முறுக்காமல் ஜாக்கியை இறக்கினார். எனக்குப் பகீரென்றது.

“காத்துல தொங்கறப்ப முறுக்குனா, வண்டி எறங்குனதும் ரப்பரு முறுக்கிட்டே நிக்கும்ணா. சீக்கிரமே கிழிஞ்சு போயிரும்” என்றார், படுத்தபடியே. எடை இறங்கிய பிறகுதான் ஸ்பேனரை அழுத்தினார். அப்புறம் வீல் அலைன்மென்ட்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பதாவது வளைவில், ஆழியாறு அணை கீழே தெரிகிற இடத்தில் நிறுத்தினோம். “என்னங்க, ரேடியோவ ஆஃப் பண்ணிட்டீங்களா? ஒரு சத்தத்தையும் காணோம்?” என்றாள் மனைவி. ரேடியோ கெட்டுப்போய் ரெண்டு வருஷம் ஆகிறது!

திங்கட்கிழமை, பழைய ஆர்ம் இரண்டையும் எடைக்குப் போடலாமென்று எடுத்துக்கொண்டு போகிற வழியில், பெரியவரிடம் ஒரு வார்த்தை சொல்ல நின்றேன். இரண்டையும் என் கையிலிருந்து வாங்கி, கட்டிங் மிஷினில் வைத்து, ஒவ்வொன்றையும் இரண்டு துண்டாக அறுத்துத் திருப்பிக் கொடுத்தார்.

“முழுசாப் போட்டீங்கன்னா, எவனாச்சும் எடுத்து மாட்டிக்குவானுங்.”