இருளர்களின் சிறுவேட்டை: செங்கல்பட்டு வரப்புகளில் ஒரு களப்பார்வை

இந்தியச் சட்டத்தில் வேட்டை என்பது விலங்கைக் கொல்வதை மட்டும் குறிப்பதன்று. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் ஒரு காட்டுயிரைப் பிடிப்பதையும், கண்ணி வைப்பதையும், இரை காட்டி ஈர்ப்பதையும், இவற்றுக்கு முயல்வதையும்கூட வேட்டை என்றே வரையறுக்கிறது. 1991ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் உரிமம் பெற்று விளையாட்டாக வேட்டையாடும் வழியும் அடைபட்டுவிட்டதால், ஊருக்கு அருகிலுள்ள காப்புக்காட்டில் முயலையோ கவுதாரியையோ பிடிக்க விரும்பும் ஒருவருக்கு இன்று தமிழ்நாட்டில் சட்டத்துக்கு உட்பட்ட தொடக்கம் என்று ஒன்று இல்லை. ஆனால் அதே சட்டத்தின் 12ஆம் பிரிவு, கல்வி, ஆராய்ச்சி முதலிய சில நோக்கங்களோடு, உயிர்காக்கும் மருந்து செய்வதற்காகப் பாம்பு நஞ்சு சேகரிப்பதற்கும் விலக்களிக்கிறது. அந்த விலக்கின் துணையோடு தம் மரபுத் தொழிலைச் சட்டப்படி தொடர்ந்து வருபவர்கள் வட தமிழ்நாட்டின் சமவெளி இருளர்கள். அவர்களது கைத்திறனை வடநெம்மேலியிலும் அதற்கு மேற்கே உள்ள சிற்றூர்களின் வயல்வெளிகளிலும் கண்டவற்றைக் கொண்டு இக்கட்டுரை விவரிக்கிறது.

தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்ற பழங்குடிகளாக அரசு வகைப்படுத்தியுள்ள ஆறு குழுக்களுள் இருளரும் ஒருவர். நீலகிரி, கோவை மலைச்சரிவுகளில் வாழும் இருளரும், செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் வாழும் இருளரும் பெயரால் ஒன்றுபட்டாலும் வாழ்முறையால் வேறுபட்டவர்கள். சமவெளி இருளரின் காடு உயர்ந்த மரங்கள் அடர்ந்த காடன்று. முட்புதரும் பனையும் காரையும் சூரையும் கலந்த புதர்க்காடு, அதை ஒட்டிய ஏரிக்கரை, அதற்கும் அப்பால் நெல்வயல் ஆகிய மூன்றும் சேர்ந்த நிலப்பரப்பே அவர்களது வேட்டைக்களமாக இருந்துவந்துள்ளது. 1882ஆம் ஆண்டின் வனச்சட்டம் புதர்க்காடுகளின் பெரும்பகுதியைக் காப்புக்காடுகளாக்கி அரசின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. அதன் பிறகு வயலும் வரப்புமே அவர்கள் கால்பதித்து நடமாடக்கூடிய வெளியாக எஞ்சின.

இத்தொழிலில் ஒருவர் கற்கத் தொடங்குவது பாம்பில் அன்று, எலியில். சம்பா அறுவடை முடிந்து வயல் காயும் தை, மாசி மாதங்களில் பெற்றோருடன் வரப்புக்கு வரும் சிறுவர்களுக்கு முதலில் தரப்படும் வேலை, ஒரு வளைக்கு எத்தனை வாய்கள் உள்ளன என்று தேடி எண்ணிச் சொல்வதாகும். வரப்பெலி என்று உழவர் அழைக்கும் எலி தன் வளையைப் பல வாய்களோடு அமைக்கிறது. தோண்டிய மண்ணை வாயருகே குவித்து வைக்கிறது. உள்ளே இருக்கும்போது வாயைப் புதுமண்ணால் அடைத்துக்கொள்வதும் உண்டு. இவற்றோடு, மேற்பரப்பில் மெல்லிய மண்மூடி மட்டுமே இருக்கும்படி தப்பிச்செல்லும் வாய் ஒன்றையும் அது தயாராக வைத்திருக்கிறது. அந்த மறைவாயைக் கண்டுபிடிக்கத் தெரியாதவர் எத்தனை வேகமாகத் தோண்டினாலும் எலியைப் பார்க்க முடியாது. ஈரம் காயாத மண் எது, நேற்றைய மண் எது, சிலந்திநூல் படிந்து கைவிடப்பட்ட வாய் எது என்ற வேறுபாடுகளை எவரும் சொற்களால் விளக்கிச் சொல்லித்தருவதாகத் தெரியவில்லை. தவறான வாயில் கைவைக்கும் சிறுவனிடம் பெரியவர், “அங்க இல்லடா, மண்ணப் பாரு” என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்.

மறைவாய்களை அடைத்தபின் புகைபோடுவது மரபான முறை. அடியில் சிறு துளையிட்ட மண்பானைக்குள் வைக்கோலையும் சருகையும் திணித்துத் தீமூட்டி, பானையின் வாயை வளைவாயோடு பொருத்தி, துளை வழியே வாயால் ஊதும்போது புகை வளைக்குள் பரவி எலியை மயங்கச் செய்கிறது. ஊதுபவரின் உதடும் கையும் சுடுபடுவதும், ஆண்டுக்கணக்கில் புகை குடித்த நுரையீரல் கெடுவதும் இம்முறையின் விலை. கையால் சுழற்றும் விசிறி பொருத்திய உலோகப் புகைக்கலம் பின்னர் அறிமுகமானதற்கு இதுவே காரணம். பிறகு கடப்பாரையால் வளையைத் தோண்டும்போது எலியுடன், அது சேர்த்துவைத்த நெற்கதிர்களும் கிடைக்கின்றன. எலி உணவாகிறது, கதிர் வீட்டுக்குச் செல்கிறது, பயிருக்குச் சேதம் குறைந்ததற்காக நிலத்துக்காரர் ஏதேனும் கூலியும் தருகிறார். இந்தக் கதிரை உழவர் தம் நெல்லாகக் கோராமல் விட்டுவிடுவது பல ஊர்களில் எழுதப்படாத வழக்கம். எலிபிடிப்பை வறுமையின் அடையாளமாக மட்டும் காண்போர், நஞ்சு வைக்காமல் வயலைக் காக்கும் இச்சேவையைக் கணக்கில் கொள்வதில்லை.

எலிவளையில் பயின்ற கண் பாம்புக்கு எளிதில் பழகிவிடுவதற்குக் காரணம், பாம்பு தனக்கென வளை தோண்டுவதில்லை என்பதுதான். நல்லபாம்பும் கட்டுவிரியனும் எலியைத் தின்றோ விரட்டியோ அதன் வளையில் தங்குகின்றன. ஆகவே வளையில் இருந்த எலி எப்போது இல்லாமற்போனது என்று அறிபவரே அங்கு பாம்பு எப்போது குடிபுகுந்தது என்றும் அறிகிறார். எலி இருக்கும் வளைவாயில் சிறு காலடிகளும் புழுக்கையும் புதுமண்ணும் இருக்கும். பாம்பு புகுந்துவிட்ட வாயில் இவை மறைந்து, அடிமண் உடல் உராய்ந்து வழுவழுப்பாகி இருக்கும். பாம்பின் கழிவில் சுண்ணாம்பு போன்ற வெண்பகுதியும், சில வேளை எலிமயிரும் காணப்படும். உரித்த சட்டை கிடைத்துவிட்டால் தேடல் பாதி முடிந்ததாகவே கொள்ளப்படுகிறது. முதுகுத்தண்டின் நெடுகே அறுகோணச் செதில்கள் பெரிதாக வரிசைப்பட்டிருந்தால் அது கட்டுவிரியன் என்றும், சட்டை இன்னும் துவண்டு ஈரமாக இருந்தால் பாம்பு தொலைவில் இல்லை என்றும் முடிவுசெய்கிறார்கள். கண்ணாடிவிரியனைத் தேடுவோர் வளையைவிட வேலியோரச் சருகையும் தாழைப்புதரையும் நாடுகிறார்கள். சுருட்டைவிரியன் வறண்ட கல்நிலத்தில், கல்லைப் புரட்டினால் கிடைப்பது.

இவ்வகையில் ஒரு முற்பகல் முழுவதும் வரப்புகளில் நடக்கும் கணவன் மனைவி இணையரைப் பின்தொடர்பவருக்கு முதலில் வியப்பளிப்பது அவர்கள் எவ்வளவு குறைவாகத் தோண்டுகிறார்கள் என்பதே. இருளர்களில் பெண்களும் பாம்பு பிடிப்பவர்கள். இணையராகச் செல்வது வழக்கம். ஒருவர் வரப்பின் மேலும் மற்றவர் கீழும் நடக்கையில் அவர்களிடையே பேச்சும் மிகக் குறைவு. பத்து வளைகளைப் பார்த்து ஒன்பதைக் கடந்துவிடுகிறார்கள். கடப்பாரை நிலத்தில் இறங்கும் வேளையில், உள்ளே என்ன இருக்கிறது, ஏறத்தாழ எவ்வளவு பெரியது, எந்தப் பக்கம் தலை வைத்திருக்கும் என்பவை பெரும்பாலும் முடிவாகியிருக்கின்றன. பொதுமக்கள் வியப்பது பாம்பைக் கையால் எடுக்கும் துணிச்சலை. தொழிலின் கடினமான பகுதி அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது என்பதை அறிய அவர்களோடு வயலில் நடக்க வேண்டியிருக்கிறது.

பிடிக்கும் முறையும் பார்ப்பதற்கு ஏமாற்றமளிக்கும் அளவுக்கு அமைதியானது. வளையைப் பக்கவாட்டில் திறந்து, வாலைப் பற்றி, உடலின் முன்பகுதியைக் கோலாலோ கடப்பாரைத் தண்டாலோ தாங்கித் தூக்குகிறார்கள். கழுத்தை அழுத்திப் பிடிப்பதைக் கூடியவரை தவிர்க்கிறார்கள், ஏனெனில் அழுத்தம் பாம்பைக் காயப்படுத்துவதோடு அதன் சீற்றத்தையும் கூட்டும். துணிப்பையின் வாயை இருண்ட வளை போலத் திறந்து முன்னே காட்டினால், ஒளியிலிருந்து ஒதுங்க விரும்பும் பாம்பு தானே உள்ளே செல்கிறது. ஒரு பைக்கு ஒரு பாம்பு என்பது நெறி. கையுறை அணிவதில்லை, இடுக்கி வைத்திருப்பதில்லை. இருந்தும் கடிபடுவோர் உண்டு. மூலிகை மருத்துவத்தில் பெயர்பெற்ற இச்சமூகத்தாருள் பலர் இன்று கடிபட்டால் மருத்துவமனைக்கே செல்கிறார்கள். நச்சுமுறி மருந்துக்கான மூலப்பொருளைத் தருபவர்கள் அதன் பயனை நம்புவது இயல்பே.

இத்திறன் ஒரு காலத்தில் முற்றிலும் வேறொரு சந்தைக்கு உழைத்தது. பாம்புத்தோலும் அதில் செய்த கைப்பையும் காலணியும் வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியான இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், இருளர் பிடித்துத் தந்த சாரையும் நல்லபாம்பும் தோல் வணிகர்களிடம் சேர்ந்தன. 1972ஆம் ஆண்டின் சட்டமும், அதைத் தொடர்ந்து 1976இல் வந்த பாம்புத்தோல் ஏற்றுமதித் தடையும் இவ்வணிகத்தை முடித்துவைத்தன. தடை பாம்புகளுக்கு நன்மை செய்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதை இயற்றியோர், தோலை உரித்துக் கொடுத்தவரின் மறுநாள் உணவைப் பற்றிச் சிந்தித்ததற்கான தடயம் சட்டத்தில் காணப்படவில்லை. வேலையிழந்த குடும்பங்கள் பல அரிசி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் முன்பணம் பெற்றுக் கொத்தடிமைகளாயின.

மாற்றுவழி, பாம்பியலாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியால் 1978இல் பதிவுசெய்யப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கத்தின் வடிவில் வந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்துக்குள் இயங்கும் இச்சங்கம், இறந்த பாம்பின் தோலுக்குப் பதிலாக உயிருள்ள பாம்பின் நஞ்சை விற்பனைப் பொருளாக்கியது. வனத்துறை ஆண்டுதோறும் எந்த இனத்தில் எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்று வரையறுத்து அனுமதி தருகிறது. அனுமதி நான்கு இனங்களுக்கு மட்டுமே. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்னும் இந்நான்கின் நஞ்சையும் சிறுசிறு அளவுகளில் குதிரைகளுக்குச் செலுத்தி, அவற்றின் குருதியில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்தே இந்தியாவின் நச்சுமுறி மருந்து செய்யப்படுகிறது.

சங்கத்துக்கு வரும் பாம்பின் இனம், பால், நீளம், எடை ஆகியவை பதிவேட்டில் ஏறுகின்றன. குறித்த அளவுக்குக் குறைந்தவை ஏற்கப்படுவதில்லை. பிறகு மணல் பரப்பிய மண்பானைக்குள் விடப்பட்டு, வாய் பருத்தித் துணியால் கட்டப்பட்டு, பாம்பு ஏறத்தாழ நான்கு வாரங்கள் அங்கே தங்குகிறது. பானையின் குளுமையும் இருளும் வளையின் சூழலை ஒத்திருப்பதால் அது பெரும்பாலும் அடங்கியே கிடக்கிறது. வாரம் ஒருமுறை கண்ணாடிக் குடுவையின் விளிம்பைக் கடிக்கவைத்து நஞ்சு எடுக்கப்படுகிறது. அது உறைய வைத்து உலர்த்தும் முறையில் பொடியாக்கப்படுகிறது. கண்ணாடிவிரியனின் ஒரு கடியில் கிடைக்கும் நஞ்சோடு ஒப்பிட்டால் கட்டுவிரியன் தருவது சில மில்லிகிராம் மட்டுமே என்பதால், ஒரு கிராம் கட்டுவிரியன் நஞ்சைச் சேர்க்க நூறளவில் கடிகள் தேவைப்படலாம். முறை முடிந்ததும் வயிற்றுச் செதிலொன்றை நறுக்கி அடையாளமிட்டுப் பாம்பைக் காட்டில் விடுகிறார்கள். அடையாளமுள்ள பாம்பு அண்மையில் நஞ்சு தந்தது என்று தெரிவதால் அதை மீண்டும் எடுப்பதில்லை.

இந்தியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 58,000 பேர் பாம்புக்கடியால் இறக்கின்றனர் என்பது 2020இல் வெளியான ஆய்வொன்றின் மதிப்பீடு. நாடு முழுவதற்குமான மருந்தின் மூலநஞ்சில் மிகப்பெரும் பங்கு நெடுங்காலமாக இந்த ஒரு சங்கத்திலிருந்தே சென்றிருக்கிறது. இது பெருமைக்குரியதாக அடிக்கடி சொல்லப்படுகிறது. அறிவியல் நோக்கில் அதுவே ஒரு குறையும்கூட. ஒரே இனப் பாம்பின் நஞ்சு நிலப்பகுதிக்கேற்ப வேறுபடுவதால், வட தமிழ்நாட்டுப் பாம்பின் நஞ்சைக் கொண்டு செய்த மருந்து இராஜஸ்தானிலோ வங்காளத்திலோ அதே அளவு பயன் தருவதில்லை என்று அண்மைக்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. பிற மாநிலங்களிலும் நஞ்சு சேகரிக்க வேண்டும் என்ற கோரிக்கை இதிலிருந்தே எழுகிறது. அதற்குக் கட்டடமும் கருவியும் அமைப்பது எளிது. வரப்பைப் படிக்கத் தெரிந்தவர்களை உருவாக்குவதே கடினம்.

அத்திறன் பழகிய மண்ணுக்கு வெளியேயும் செல்லுபடியாகிறதா என்ற கேள்விக்கு 2017இல் ஒரு விடை கிடைத்தது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், செல்லப்பிராணி வணிகத்தின் வழியே வந்து பெருகிய பர்மிய மலைப்பாம்புகள் எவர்கிளேட்சு சதுப்புநிலத்தின் சிறு பாலூட்டிகளை அழித்துவந்தன; அவற்றைத் தேடிப்பிடிக்க மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இரு இருளர்களை அம்மாநில வனவுயிர் அமைப்பு வரவழைத்தது. அவர்கள் அதற்கு முன் அந்நிலத்தைக் கண்டவர்களல்லர். எனினும் முதல் சில வாரங்களிலேயே பத்துக்கும் மேற்பட்ட மலைப்பாம்புகளைப் பிடித்தனர். கீ லார்கோ தீவின் கைவிடப்பட்ட ஏவுகணைத் தளத்திலிருந்து ஏறத்தாழ 16 அடி நீளப் பெண்பாம்பொன்றும் அவற்றுள் அடங்கும். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

விருது கிடைத்த அதே காலத்தில் செங்கல்பட்டின் வரப்புகள் சுருங்கிவந்தன. சென்னையிலிருந்து தெற்கே நீளும் பழைய மாமல்லபுரம் சாலையின் இருபுறமும் நெல்வயல்கள் மனைகளாகி, மனைகள் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்து, பின் வீடுகளாகின்றன. வேலியும் புதரும் இருந்த இடத்தில் சுற்றுச்சுவர் எழுகிறது. கட்டட இடிபாட்டுக் குவியலில் கட்டுவிரியன் இன்னும் தங்கக்கூடும். ஆயினும் சுவர் கட்டிய மனைக்குள் உரிமையாளரின் இசைவின்றி நுழைய முடியாது. காப்புக்காட்டுக்குள் வனத்துறையின் அனுமதியின்றி நுழைய முடியாது. விலை இனத்துக்கு ஒன்றாகச் சங்கத்தால் முன்கூட்டியே வகுக்கப்பட்டிருப்பதால், பாம்பு எவ்வளவு தொலைவில் கிடைத்தது என்பது கணக்கில் சேர்வதில்லை. ஆகவே ஒரு தலைமுறைக்கு முன் குடிசையிலிருந்து நடந்தே வேட்டைக்குச் சென்றவர்களின் பிள்ளைகள், கடப்பாரையை இருசக்கர வண்டியில் கட்டிக்கொண்டு, பெட்ரோல் செலவைத் தம் கூலியிலிருந்தே கழித்து, வயல் மிஞ்சியிருக்கும் ஊர்களைத் தேடிச் செல்கிறார்கள்.