லேப்டொப் ஸ்லோ என்றால் உடனே புதுசு வாங்காதீங்க

எங்கட புத்தளத்தில் வீடியோ எடிட் பண்ணப் பழகுற பிள்ளைகளிடம், லேப்டொப் இழுக்கத் தொடங்கினதும் "புதுசு வாங்குங்க" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். அந்தக் காசு ஒரு குடும்பத்துக்குச் சின்னக் காசில்லை.

தங்கச்சி மகளுடையதைக் கழற்றிப் பார்த்தேன். களப்புக் காற்றின் ஈரமும் தூசியும் சேர்ந்து ஃபேன் வாயைக் கம்பளி மாதிரி அடைத்திருந்தது. சூடு ஏறினால் சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். துப்புரவாக்கினதும் பாதிக் கரைச்சல் தீர்ந்தது.

மிச்சம் ரேம். இன்டகிரேட்டட் கிராபிக்ஸுக்குச் சொந்த மெமரி இல்லை, ரேமைத்தான் பகிர்ந்துகொள்ளும். டீடிஆர்4 3200 ரேம் ஒன்று மட்டும் இருந்தால் விநாடிக்கு அதிகபட்சம் 25.6 ஜிபி டேட்டாதான் போகும். இரண்டு சேனலிலும் போட்டால் 51.2. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபோமன்ஸ், மெமரி என்று போனால் எத்தனை ஸ்லொட் பாவனையில் இருக்கு என்று காட்டும். அவளுடையதில் இரண்டில் ஒன்று காலி! இன்னொரு 8 ஜிபி போட்டோம். இப்போ டைம்லைன் திக்காமல் ஓடுது.

சில மொடல்களில் ரேம் போர்டிலேயே ஒட்டியிருக்கும். ரேம் வாங்க முன்னம் மொடல் நம்பரை கமெண்டில் போடுங்க, பார்த்துச் சொல்றேன்.